மைத்துனர் என்று போட்ட அறிவித்தல்

போன கிழமை அலுமாரி ஒதுக்கும்போது மகள் ஒரு பேப்பர் துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். பழைய மரண அறிவித்தல். எழுத்துக்கூட்டி வாசித்து, என் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்து, "இதில உங்களை ஏன் மைத்துனர் எண்டு போட்டிருக்கு?" என்று டெனிஷில் கேட்டாள். மகனும் போனை விட்டு நிமிர்ந்து பார்த்தான். "அது பெரிய கதை" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். உண்மையில் அது பெரிய கதை இல்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். எழுதினால் வரும்போல இருக்கிறது. விளங்காத தமிழை என்னிடம் கேளுங்கள், பிள்ளையள்.

உங்கட சித்தப்பா செத்தது ஊரில் யுத்தம் முடிந்த வருசம், சித்திரையில். உங்களுக்கு அப்போது பத்தும் ஏழும் வயது. நானும் அம்மாவும் பிரிந்த பிறகு நீங்கள் அம்மாவோடு ஸ்கீவவில் இருந்தீர்கள். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கிரின்ஸ்டெட்டில் நானும் அவரும் இருந்த வீட்டுக்கு வருவீர்கள். சித்தப்பா என்று கூப்பிடச் சொல்லித் தந்தது நான்தான். அவர் என் கணவர் என்று உங்களுக்கு எப்போது விளங்கியது என்று நான் கேட்டதே இல்லை. கொம்யூன் கந்தோரில், அதுதான் நகரசபையில், நாங்கள் கலியாண எழுத்துக்குக் கையெழுத்து வைத்த அன்று பக்டரியில் வேலை செய்த இரண்டு டெனிஷ்காரர்தான் சாட்சிக்கு வந்தார்கள். எங்கட ஆட்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர்களுக்கு நாங்கள் ஒரு வீட்டைப் பங்குபோட்டு இருக்கிற இரண்டு ஆம்பிளைகள்.

அவர் செத்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பிள்ளை, "உங்கள் கணவரின் உடுப்பு" என்று ஒரு பையைக் கையில் தந்தாள். அவர் உயிரோடு இருந்தபோது அந்தச் சொல்லை ஒருவரும் எனக்கு இவ்வளவு இலகுவாகச் சொன்னதில்லை.

மற்றதெல்லாம், நாங்கள் சொல்லாமலே விசயம் தெரிந்துவைத்திருந்த, இஷொயில் இருக்கிற அவருடைய அண்ணை பொறுப்பெடுத்தார். செத்த வீடும் காரியங்களும் அங்கேதான். அடுத்த நாள் போன் எடுத்தார்.

"தம்பி, பேப்பருக்கு அறிவித்தல் எழுதிறன். உம்மட பேரை எங்க போடுறது?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நண்பர் எண்டு போட எனக்கு மனம் வரேல்லை. மற்றதைப் போட்டால் அம்மா கொழும்பில இருந்து வாசிப்பா. மைத்துனர் எண்டு போடட்டே? சொந்தத்துக்குள்ள நிக்கும்."

"போடுங்கோ அண்ணை."

நல்ல மனிசன். தன்னால் ஏலுமானதைச் செய்தார். எங்கட அறிவித்தல்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், சகோதரரும் என்று ஒவ்வொருவராக வந்து, கடைசியில் மைத்துனர்கள் வருவார்கள். இதிலே மகனுக்குப் பிறகு நேரே சகோதரர் வந்தது. நடுவில் இல்லாத அந்த ஒரு வரியைத்தான் நான் ஒவ்வொரு நாளும் வாசித்தேன்.

வைகாசியில் வன்னியில் எல்லாம் முடிந்தது. ஒரு மணித்தியாலம் காரில் போகிற ஊரில் எங்கட சனம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து, ஞாயிறு தோறும் மெழுகுதிரி கொளுத்தினார்கள். எனக்கு அங்கே தெரிந்தவர்கள் குறைவு. வன்னியில் எனக்கென்று ஒருவரும் இல்லை. ஆனாலும் போனேன். அந்த மண்டபத்தில் அழுதால் ஏன் அழுகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பிள்ளைகளைத் தொலைத்தவர்களுக்கு நடுவில் இருந்து ஒரு ஆளுக்காக அழுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. கார் அவருடையது. அவர் என்னைவிட உயரம். சீற்றை முன்னுக்கு இழுக்க மனம் வராமல், கால் எட்டியும் எட்டாமலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு போய் வந்தேன்.

அங்கே தேத்தண்ணிக்குப் பொறுப்பாக ஒரு அக்கா இருந்தா. ஐம்பது தாண்டியவ, வயோதிபர் இல்லத்தில் வேலை. இரண்டாம் ஞாயிறு கோப்பையை நீட்டிக்கொண்டு கேட்டா.

"தம்பி, அந்த அறிவித்தலில மைத்துனர் எண்டு இருக்கிறது நீர்தானே? பேப்பரில செத்தவற்ற படம் பார்த்தனான். நல்ல வடிவான பொடியன். மனிசி எப்பிடி இருக்கிறா?"

எந்த மனைவியைக் கேட்கிறா என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அறிவித்தலில் அவருக்கு மனைவி இல்லை, நான் மைத்துனர். அப்படியென்றால் நான் அவருடைய சகோதரியைக் கட்டினவன். எங்கட ஆட்கள் யார் வாசித்தாலும் இந்தக் கணக்குத்தான் வரும்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு முதன்முதல் ஒரு ஆள் தமிழில் வந்து துக்கம் விசாரிக்கிறா.

"சாப்பிடுறா இல்லை அக்கா," என்றேன்.

"பாவம். கூடப்பிறந்ததெல்லே. கஞ்சியாவது வைச்சுக் குடும். அழவிடும். அழாதை எண்டு சொல்லாதையும், கேட்டீரே?"

"ஓம் அக்கா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவவும் மற்றப் பெண்களும் என் மனிசியைக் கேட்டார்கள். நானும் சொன்னேன். விடிய எழும்பி ஒரு தேத்தண்ணி கூடுதலாக ஊத்திப்போட்டு நிற்கிறா. கடையில் அவருக்குப் பிடித்த பாணைக் கண்டால் வாங்காமல் வரமாட்டா. இல்லாத மனிசியின் பேரில் எல்லாம் தங்குதடையில்லாமல் வந்தது. ஒருநாள் என்னை மறந்து, "அவர் போட்ட சேட்டு ஒண்டைத் தோய்க்காமல் தலகணிக்குக் கீழ வைச்சிருக்கிறா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தா. "தமையன்ர சேட்டையோ?"

"ஓம்."

"ம்," என்றுவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தா.

ஆனி மாதம் ஒரு ஞாயிறு, குசினியில் கோப்பை கழுவும்போது சொன்னா: "எங்கட அழுகையே பெரிசாப் போச்சு, உம்மட மனிசியை வந்து பார்க்கேல்லை. வாற கிழமை நாலு பேர் வாறம். சோறு கறி நாங்கள் கொண்டு வாறம். அவவை அடுப்படிக்கு விடாதையும்."

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலில் சமைத்துக் கொண்டு வருவார்கள். எங்கட வீட்டுக்கு அப்படி ஒருவரும் வரவில்லை. பக்டரியில் பூ அனுப்பினார்கள், நல்ல பூ. ஆனால் நான் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தது ஒரு சட்டி சோற்றுக்கு. இப்போது அது வரப்போகிறது, இல்லாத ஒருத்திக்கு. மறைத்தால் ஞாயிறு வாசலில் பிடிபடுவேன். சொன்னால் விசாரிக்க இருக்கிற ஒரு வாயும் இல்லாமல் போகும்.

"வராதேங்கோ அக்கா. மனிசி இல்லை."

"விட்டிட்டுப் போட்டாவோ?"

"அப்பிடி ஒரு ஆளே இல்லை. செத்தவர்தான் என்ர மனிசன். எங்களுக்கு எழுத்து முடிஞ்சது, கொம்யூனில."

தண்ணீர் ஓடிக்கொண்டு இருந்தது. பைப்பைப் பூட்டினா.

"அப்ப சாப்பிடாமல் இருந்தது?"

"நான்."

"சேட்டு?"

"நான்தான் அக்கா."

"எனக்கு அந்தச் சேட்டுக் கதை அண்டைக்கே செமிக்கேல்லை," என்றா. "ஒருத்தி தமையன்ர சேட்டை அப்பிடி வைச்சிருப்பாளே? இவ்வளவு நாளும் என்னைப் பேய்க்காட்டியிருக்கிறீர்."

"ஆளைப் பற்றித்தான் பொய் சொன்னனான் அக்கா. மற்றதொண்டும் பொய்யில்லை."

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டா. நான் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மண்டபத்துக்குப் போகவில்லை. மத்தியானம் ஒரு கார் வந்து நின்றது. அக்கா மட்டும் இறங்கினா, கையில் துணி கட்டிய சட்டி.

"மற்றவை வரேல்லை. ஏனெண்டு கேளாதையும்."

வாசலில் சட்டியோடு கொஞ்ச நேரம் நின்றா. புருசனை இழந்தவள் என்றால் எங்கட பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லி அழுவார்கள். ஆம்பிளை என்றால் தள்ளி இருந்து விசாரிப்பார்கள். என்னை எப்படி அழுவது என்று அவவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கடைசியில் உள்ளே வந்து, கதிரையில் இருந்து, கேட்டா.

"எப்பிடி நடந்தது?"

அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. காலமை வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. நான் பகிடி விடுகிறார் என்று நினைத்து, "எழும்பும், பிந்தப் போகுது" என்று ஏசினேன். அம்புலன்ஸ் வருமட்டும் தலையை மடியில் வைத்திருந்தேன். எல்லாம் சொன்னேன். ஏசினதையும் சொன்னேன்.

"மடியிலயோ போனது?"

"ஓம்."

"அது உமக்குக் கிடைச்சிருக்கு," என்றா. அவவின் தம்பி குடும்பம் வன்னியில் கடைசிவரை நின்றவர்கள். "என்ர தம்பிக்குப் பக்கத்தில ஆர் நிண்டதெண்டும் தெரியாது."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதோம். கதிரையைக் கிட்ட இழுத்து, என் முதுகில் கையை வைத்துக்கொண்டு அழுதா. பிறகு தட்டில் சோறு போட்டுத் தந்து, நான் சாப்பிட்டு முடியுமட்டும் முன்னால் இருந்தா.

எழும்பிக் கைப்பையை எடுத்தா. ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்காமல் இறங்கிப் போய்க் காரை எடுத்தா. நீங்கள் இதை மரியாதை இல்லை என்று நினைப்பீர்கள், பிள்ளையள். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் "போட்டு வாறன்" என்று சொல்வதில்லை. அந்த வீட்டுக்கு அப்படித் திரும்பி வரும் தேவை வரக்கூடாது என்று பேசாமல் எழும்பிப் போவார்கள். எங்கட வீட்டிலிருந்து ஒரு ஆள் அப்படிப் போனா.

கதவைத் திறந்தபடி வைத்துக்கொண்டு நான் உள்பக்கம் திரும்பினேன். "பாரும், சொல்லாமல் போறா" என்று உங்கட சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லத்தான்.