ஹாலந்தில் ஒரு டபுள்ஸ்

இன்று ஹாலந்து கிராமத்துச் சாலையில் நானும் மனைவியும் இரட்டைச் சைக்கிள் ஓட்டினோம். முன்னால் நான், பின்னால் அவள், ஆளுக்கொரு ஜோடி பெடல். முட்டிவலி மறந்து வாய்க்காலோரம் பறந்தோம்.

பாலத்தருகே ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். அவரைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் ஆளில்லை. மாடுகளை வேடிக்கை பார்த்தபடி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"ஏன் எறங்குன?"

"போலீசு நிக்கறாருங்களே. டபுள்ஸ் புடிச்சிட்டா?"

எழுபதுகளில் தர்மபுரியில் ஒரு சைக்கிளில் இருவர் போனால் பிடிப்பார்கள். போலீஸ் நிற்கும் நாலு ரோடு சந்திப்பு வருமுன் இவள் கேரியரிலிருந்து இறங்கி நடப்பாள். தாண்டியதும் ஏறிக்கொள்வாள்.

"இது ரெண்டு பேருக்குன்னே செஞ்ச சைக்கிள்" என்று சிரித்தேன்.

"அப்பறம் போலீசப் பாத்ததும் நீங்க எதுக்குங்க பிரேக் புடிச்சீங்க?"

நல்ல பதிலாக யாராவது சொல்லுங்கள். இன்னும் நான்கு நாள் இவளோடுதான் மிதிக்க வேண்டும்.