இடதுகைக்காரியின் வலது கால்

நடக்காத சண்டையில் யாரும் தோற்பதில்லை என்று நினைப்பவர்கள் முத்தியால்பேட்டையில் எங்கள் டீக்கடை பெஞ்சில் ஒரு நாள் வந்து உட்கார வேண்டும். நடக்காத ஒரு குத்துச்சண்டையில் ஒரு பெண் முழுதாகத் தோற்றுப்போனதை நாங்கள் நாலைந்து பேர் அங்கே டீ குடித்துக்கொண்டே பார்த்தோம்.

நான் அரசு அலுவலகத்தில் பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேஜையில் தூங்கும், அதை எழுப்ப யார் போய் இரும வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இள வயதில் கொஞ்ச காலம் குத்துச்சண்டை பழகினேன். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்த பிறகு, அடி வாங்குவதை விட அடியை எண்ணுவது மேல் என்று தோன்றி, நடுவர் தேர்வு எழுதித் தேறினேன். அந்தத் தகுதியில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் தேர்வுக் குழுவில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். விதிகளை முழுதாகப் படித்தவன் ஒருவனாவது குழுவில் இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். அவன் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

டீக்கடைக்கு எதிரே பாயின் கடை. பைக், ஆட்டோவுக்கு சீட் கவர் தைக்கிறார். கடைக்கு மேலே தகரம் போட்ட கொட்டகை. சீட் கவருக்கு வாங்கும் ரெக்சினிலேயே மூட்டை தைத்து, வெட்டிப்போட்ட துணியை அடைத்து, விட்டத்தில் தொங்கவிட்டிருக்கிறார். அதுதான் பயிற்சிக்கூடம். எந்தக் காலத்திலோ நான் பிரெஞ்சு படித்தேன் என்பதற்காக என்னை அவர் 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். கேலியா மரியாதையா என்று இதுவரை எனக்குத் தெரியாது.

அவரிடம் பழகியவர்களில் ஒருத்தி இடதுகைக்காரி. எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையான மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பெட்டி கட்டும் பிரிவில் வேலை. நம் வீடுகளில் இடது கையை நீட்டும் குழந்தைக்கு என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் நடந்தது. வலது கையால் சாப்பிடுவாள், வலது கையால் எழுதுவாள். குத்துவது மட்டும் இடது கையால். அந்த ஒன்றை வீட்டில் யாரும் திருத்தவில்லை. குத்துவாள் என்று யாரும் எதிர்பார்க்காததுதான் காரணம். இங்கே மற்ற பயிற்சியாளர்கள் இடதுகைக்காரர்கள் வந்தால் முதல் வேலையாக அவர்களைத் திருப்பி, இடது காலை முன்னால் வைத்து, ஊரோடு ஒத்துப்போகும்படி நிறுத்திவிடுவார்கள். பாய் மட்டும் அவளைத் திருப்பவில்லை. வலது கால் முன்னால், வலது கை முன்னால், பலமான இடது கை பின்னால் பதுங்கியிருக்க அப்படியே விட்டுவிட்டார்.

அவளுக்கு இதில் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம். வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. அவளுடைய எடைப் பிரிவில் எங்கள் யூனியன் பிரதேசத்திலிருந்து ஒருத்திதான் போக முடியும். அந்த இடத்துக்கு இன்னொருத்தியும் இருந்தாள். முந்தின வருஷம் பதக்கம் வாங்கியவள், சங்கத்தின் செயலாளரே பயிற்சி கொடுப்பவள். இரண்டு பேரும் ஒருமுறை கூட மோதியதில்லை. தேர்வுப் போட்டி நடந்து, அதில் ஜெயித்தவள் போவாள். நடந்திருந்தால்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெஞ்சில் பேச்சு சூடுபிடித்தது. தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தினமும் சாயங்காலம் வருவார். பாயைச் சீண்டாவிட்டால் அவருக்கு டீ இறங்காது.

"இன்னா பாய், அந்தப் பொண்ணு புல்டோசர் மாதிரி முன்னால வந்துக்கினே இருக்குது. உம் பொண்ணு பின்னாலயே போவுது. போய்ப் போய்க் கயித்துல சாஞ்சிட்டா அப்பறம் இன்னா பண்ணும்? கொடியில போட்ட துணியாட்டம் தொங்கிக்கினு இருக்கும்."

"புல்டோசர திருப்பறதுக்கு எவ்ளோ எடம் வேணும் தெரியுமா? ரிங்குல அவ்ளோ எடம் இல்ல. அது நேராத்தான் வரும்."

"நேரா வந்து இடிச்சாப் போதாதா?"

"எதும் மேல இடிக்கும்? அங்க ஆளு நின்னாத்தானே."

நானும் சும்மா இருக்கவில்லை. "நம்ம நடுவர்கள் முன்னால வர்றவங்களப் பாத்துத்தான் புள்ளி போடுவாங்க, பாய். பின்னால போறவங்க ஜெயிச்சாலும் ஓடற மாதிரி தெரியும்" என்றேன்.

"முசியே, பின்னால போவல. பக்கவாட்டுல போவுது. ஒங்க ஆளுங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா கண்ணாடி மாத்தச் சொல்லுங்க."

இப்படிச் சொல்லிவிட்டு இரண்டு கிளாஸை எடுத்து பெஞ்சின்மேல் வைத்தார். ஒன்றில் பாதி டீ இருந்தது, மற்றது காலி.

"இந்த டீ கிளாஸ் நம்ம பொண்ணோட வலது கால். இந்தக் காலி கிளாஸ் அந்தப் பொண்ணோட இடது கால். ரெண்டு பேரும் வலதுகைக்காரங்களா இருந்தா முன்கால் ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாது. ஒருத்தி இடதுகைக்காரின்னா மூஞ்சிக்கு மூஞ்சி வந்து முட்டிக்கும். அப்போ யாரு கால் வெளிப்பக்கம் போவுதோ அவங்களுக்குத்தான் வழி." டீ கிளாஸை நகர்த்திக் காலி கிளாஸுக்கு வெளிப்பக்கம் வைத்தார். "இங்க வந்துட்டா நம்ம பொண்ணோட இடது கை நடுவுல நேரா மூக்குக்குப் போவுது. அதோட வலது கை நம்மளத் தேடிக்கினு ஊரச் சுத்தி வரணும்."

அப்போதுதான் செயலாளர் ஸ்கூட்டரை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, பிறகு கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பேசுங்க பாய். நானும் தெரிஞ்சிக்கிறேன்."

வேறொருவராக இருந்தால் கிளாஸைக் கழுவப் போட்டிருப்பார். பாய்க்கு அது முடியாது. எதிராளியே ஆர்வமாகக் கேட்கும்போது பாதியில் நிறுத்துவது அவருக்குத் தோற்றுப்போவது போல. முதல் ரவுண்டில் என்ன நடக்கும், இரண்டாவதில் எப்போது அந்தப் பெண்ணின் முன்கை களைத்துக் கீழே இறங்கும், அந்த இடைவெளியில் எந்த அடி போகும் என்று வரிசையாகச் சொன்னார்.

செயலாளர் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்விதான். "இதெல்லாம் தெரிஞ்சி அந்தப் பொண்ணு தன்னோட இடது பக்கமாவே சுத்திப் போச்சின்னா? உங்க பொண்ணோட இடது கையிலேருந்து விலகிக்கினே இருந்தா?"

"சுத்தட்டும். சுத்தணும்னா முன்னால வர்றத நிறுத்தணும். நிறுத்திட்டா அது அந்தப் பொண்ணே இல்ல. நேரா வர்றதத்தானே வருஷக்கணக்கா கத்துக்குடுத்தீங்க? ரெண்டு வாரத்துல மாத்திடுவீங்களா?"

செயலாளர் யோசித்தார். பொய்யில்லாமல் யோசித்தார். பிறகு, "நல்லாச் சொன்னீங்க" என்று எல்லாருடைய டீக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

"பாத்தியா, பதிலே இல்ல அந்த ஆளுகிட்ட" என்று பாய் லேத்காரரின் தொடையில் தட்டினார். லேத்காரர் முதல்முறையாக ஒத்துக்கொண்டார். அன்றைக்கு விவாதத்தில் பாய் ஜெயித்ததுபோல் இந்த ஊரில் யாரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. எதிர்த்தரப்புக்கு ஒரு சந்தேகம் கூட மிச்சமில்லை. தோற்போம் என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு யார் ரிங்கில் ஏறுவார்கள்?

அடுத்த வாரம் செயலாளரிடம் பழகும் பெண்ணின் மணிக்கட்டு சுளுக்கிவிட்டதாக மருத்துவச் சான்றிதழ் வந்தது. சான்றிதழ் வந்ததற்கு மறுநாள் காலையில் நான் மைதானத்தைச் சுற்றி நடக்கும்போது, மணிக்கட்டு சுளுக்கியவர் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார். கயிறு தாண்டுவதில் சுற்றுவதே மணிக்கட்டுதான். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நிற்கச் சொன்னால் நிற்கவும் தாண்டச் சொன்னால் தாண்டவும் பழக்கப்பட்டவள்.

விதி இருக்கிறது. முந்தின வருஷம் பதக்கம் வாங்கியவர் உடல்நலக் காரணத்தால் தேர்வுப் போட்டியில் கலந்துகொள்ள முடியாவிட்டால், அவரை அனுப்புவதா வேண்டாமா என்று குழு முடிவு செய்யலாம். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். என் சர்வீஸில் நான் பார்த்த அநியாயங்களில் பாதி நல்ல எண்ணத்தில் எழுதிய விதிகளுக்கு உட்பட்டு நடந்தவை.

குழு கூடியது. போட்டியைப் பத்து நாள் தள்ளிவைக்கலாம், சுளுக்கு அதற்குள் ஆறிவிடும், அதற்கும் விதி இடம் தருகிறது என்றேன். செயலாளர் மறுக்கவில்லை. மாறாக, போட்டி நடந்தால் என்ன ஆகும் என்று பேசத் தொடங்கினார்.

"இடதுகைக்காரிங்ககிட்ட நம்ம பிள்ளைங்க தடுமாறுறது பழக்கமில்லாததாலதான். இங்க ஜெயிச்சிட்டு அந்தப் பொண்ணு தேசியப் போட்டிக்குப் போனா, அங்க இருக்கறவங்க எல்லாம் ஏகப்பட்ட இடதுகைக்காரிங்களப் பாத்தவங்க. இந்த வித்தை அங்க எடுபடாது. இத அந்த பாயே சொல்றாரு, எல்லாமே ஒரு கால எங்க வைக்கறோம்கறதுலதான் இருக்குதுன்னு. ஒரு கால நம்பி ஆள அனுப்ப முடியுமா?"

ஆக, நடக்காத ஒரு சண்டையில் ஜெயித்தவளை, நடக்கப்போகாத இன்னொரு சண்டையில் தோற்கடித்தார்கள். கைகள் உயர்ந்தன. என் எதிர்ப்பு பதிவு செய்யப்பட்டது. எதிர்ப்பைப் பதிவு செய்வது அரசாங்கத்திடமிருந்து சங்கங்கள் கற்றுக்கொண்ட நல்ல பழக்கம். ஆளைக் கண்ணியமாக ஓரத்தில் உட்காரவைக்க அதைவிட மேலான வழி இல்லை.

அவளிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக பெஞ்சுக்கு வந்தாள். பாய் எதிர்க்கடையில் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"போட்டி எந்த நாளுக்குத் தள்ளிப்போச்சு சார்?"

"போட்டி இல்லம்மா. அந்தப் பொண்ணு வர முடியாதாம்."

"அது வரலன்னா நான் ஜெயிச்ச மாதிரிதானே?"

"ரிங்குல அப்படித்தான். குழுவுல வேற மாதிரி."

விதியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். என் விளக்கம் பிழையில்லாமல் இருந்தது.

"அப்போ நான் யாருகிட்ட சார் தோத்தேன்?"

மேல்முறையீடு செய்யலாம் என்றேன். எங்கே என்று கேட்டாள். அதே குழுவிடம்தான் என்றேன். அவள் சிரித்தாள். சிரிப்புக்கான இடம்தான் அது. பிறகு எதிரே பார்த்து, "பாய், மேல என் கிளவுஸ் இருக்குது, வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

தேசியப் போட்டி வந்தது. லேத்காரர் தன் போனை டீக்கடை பிஸ்கட் ஜாடியில் சாய்த்து வைத்தார். எங்கள் ஊரிலிருந்து போன செயலாளரின் மாணவிக்கு முதல் ஆட்டத்திலேயே வந்து அமைந்தது வடக்கேயிருந்து வந்த ஒரு இடதுகைக்காரி. நம் பெண் நேராக முன்னால் போனாள். போய்க்கொண்டே இருந்தாள். மற்றவள் வலது காலை வெளிப்பக்கம் எடுத்துவைத்தாள். இரண்டாவது ரவுண்டில் முன்கை களைத்துக் கீழே இறங்கியது. நேர் இடது ஒன்று நடுவில் போனது, அதே வழியில் இன்னொன்று. நடுவர் இடையில் புகுந்து நிறுத்தினார்.

"பாய், நீ சொன்னது ஒரு எழுத்து மாறல" என்றார் லேத்காரர். கடைக்காரர் கூட கரண்டியை வைத்துவிட்டு வந்து பார்த்தார். பாயின் முகத்தில் சந்தோஷம் இருந்தது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும்தான்.

அந்த நேரத்தில் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். லேத்காரர் கல்யாண வீட்டுச் செய்தி போல அவளிடம் சொன்னார்.

"எந்தக் கையி?" என்றாள்.

"இடது."

"கால வெளியில வச்சாளா?"

"வெளியிலதான். பாய் சொன்ன மாதிரியே."

அவள் போனைப் பார்த்தாள். அதில் அதற்குள் வேறு யாரோ மோதிக்கொண்டிருந்தார்கள். "அப்போ கணக்கு சரியாப் போச்சு. இனிமே இங்க ஒக்காந்துக்கினு என்னப் பத்திப் பேசாதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். இப்போதும் மேட்டுப்பாளையத்தில்தான் பெட்டி கட்டுகிறாள் என்று கேள்வி.

சில நாள் பெஞ்சில் அரசியல் பேசினோம். அப்புறம் ஆரம்பித்துவிட்டது. அவளைப் பற்றிப் பேசக் கூடாது என்பதால் "ஒரு பேச்சுக்கு ஒரு இடதுகைக்காரின்னு வச்சுக்கலாம்" என்கிறார்கள்.

போன வாரம் செயலாளர் மறுபடி ஸ்கூட்டரை நிறுத்தினார். பாயின் கொட்டகையில் இப்போது இன்னொரு இடதுகைக்காரி பழகுகிறாள் என்று அவருக்குத் தெரியும். இடதுகைக்காரிகளை எப்படிச் சமாளிப்பது என்று பாய் என்ன நினைக்கிறார் என்று மரியாதையாகக் கேட்டார். பாய் இரண்டு கிளாஸை எடுத்தார். டீ கிளாஸை நகர்த்தினார். வெளிப்பக்கம் வைக்கவில்லை. உள்பக்கம் வைத்தார்.

"முன்னால வர்றவங்களுக்கு எதிர்ல இடதுகைக்காரி நிக்கவே முடியாது. வலது கைக்கு நேரா மாட்டிக்கும். நேரா வந்து அடிக்கச் சொல்லுங்க, போதும்" என்றார்.

"அதத்தான் நானும் அப்பவே சொன்னேன்" என்றார் லேத்காரர். செயலாளர் திருப்தியாகத் தலையாட்டினார். அடுத்த தேர்வுக்கு அவருடைய பெண்ணுக்கு மணிக்கட்டு சுளுக்காது.

கிளாஸ் தப்பான பக்கத்தில் இருந்தது. பாய் என்னைப் பார்த்தார். தப்பைத் திருத்துவது என் ஆயுள் பழக்கம். நான் அந்தக் கிளாஸை எடுத்து, அதில் மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டுக் கழுவுவதற்குக் கொடுத்தேன்.