நானூறு விரிப்புகள்

அந்த லாண்டரியில் அவளுக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே இஸ்திரி அக்கா. முதுகைத் திருப்பினால் ஐயோ அக்கா. டீ ஆறிப்போனால் ஐயோ, ஃபேன் சத்தம் போட்டால் ஐயோ, மழை வந்தால் ஐயோ, வராவிட்டாலும் ஐயோ. இருபத்தாறு வருஷம் நின்றே வேலை பார்த்து அவள் முழங்கால் தேய்ந்தது உண்மை. அதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்கள் காது தேய்ந்ததும் உண்மை. ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற விரிப்புகளைத் துவைத்து, பெரிய ரோலர் மெஷினில் விட்டு, சுருக்கமில்லாமல் எடுத்து அடுக்குகிற பகுதிக்கு அவள்தான் பொறுப்பு.

அவளுக்குக் கீழே ஏழு மாதமாக இரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். கடல் கடந்து பிழைக்க வந்த அண்ணியும் நாத்தனாரும். எல்லாருக்கும் அவர்கள் பெரியவள், சின்னவள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு பேங்க்கைக் கூட்டித் துடைத்துவிட்டு ஏழு மணிக்கு லாண்டரிக்கு வருவார்கள். பன்னிரண்டு மணிக்கு இங்கே முடிந்தால் ஒரு மணிக்குச் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கூட்டுகிற வேலை. சாயங்காலம் மொழி வகுப்பு வேறு. பெரியவளின் இரண்டு பிள்ளைகளும் ஊரில் மாமியாரிடம் வளர்ந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்து மூன்று வருஷம். இத்தனைக்கும் நடுவில் காலையில் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார்கள் பாருங்கள், அதுதான் அக்காவுக்கு ஆகவே ஆகாது.

"அப்படி என்ன வாழுதாம் இவங்களுக்கு?" என்று வீட்டில் புருஷனிடம் பொருமுவாள். அந்த மனுஷன் பாவம், டீயைப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு, காலுக்கு வெந்நீரும் வைத்துவிட்டு, உம் கொட்டிக்கொண்டிருப்பார். அந்த டீயிலும் சர்க்கரை கம்மி என்பாள்.

இன்னொரு எரிச்சலும் இருந்தது. ரோலரில் விடுவதற்கு முன்னால் அண்ணியும் நாத்தனாரும் விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பின்னால் சாய்ந்து, படார் படாரென்று இழுப்பார்கள். நீளத்தில் இரண்டு தடவை, குறுக்கில் இரண்டு தடவை.

"ஐயோ, இங்க என்ன கயிறு இழுக்கிற போட்டியா நடக்குது? மெஷின் எதுக்கு இருக்கு?" என்று அக்கா கத்தினாள். கரும்பலகையில் 'விரிப்பை இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாது' என்று எழுதியும் போட்டாள். அவர்கள் தலையை ஆட்டுவார்கள். அரை மணி நேரத்தில் கை தானாக மறுபடியும் இழுக்கும். பொறுத்துப் பார்த்த அக்கா, ஒருநாள் டீ நேரத்தில் மேசையில் உட்கார்ந்து முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'இருவரும் மந்தம். இந்த வேலைக்கு லாயக்கில்லை. வேறு ஆள் போடவும்.'

மறுநாள் காலை அதை முதலாளியின் கையில் கொடுத்த நேரம் பார்த்து ரோலர் கடகடவென்று உறுமி நின்றுபோனது. முதலாளி கடிதத்தைப் பிரிக்காமலே சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஓடினார்.

மெக்கானிக் வந்து உதட்டைப் பிதுக்கினார். "பெல்ட் அறுந்துபோச்சு. புதுசு நாளைக்குத்தான் வரும்."

முதலாளி அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அன்று மூன்று மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு நானூறு விரிப்புகள் போயாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. இன்னொரு தடவை ஆனால் வேலையை வேறு லாண்டரிக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுத்திலேயே வந்திருந்தது. அந்த ஆஸ்பத்திரி போனால் லாண்டரியை இழுத்து மூட வேண்டியதுதான். இருபத்திரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டும். கசங்கலோடு அனுப்பவும் வழியில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் முதுகைச் சுருக்கம் அழுத்திப் புண்ணாக்கிவிடும் என்று பெரிய நர்ஸம்மா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார்.

எல்லாரும் அக்காவின் வாயைப் பார்த்தார்கள். அதிசயமாக ஒரு ஐயோகூட வரவில்லை. அந்த அமைதியில் பின்னாலிருந்து படார் என்று ஒரு சத்தம் கேட்டது. உலர்த்தும் மெஷினிலிருந்து சூடாக எடுத்த ஒரு விரிப்பைப் பெரியவளும் சின்னவளும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மடித்து மேசையில் வைத்ததை அக்கா தொட்டுப் பார்த்தாள். ரோலரில் விட்டது போல வழவழவென்று இருந்தது.

"எங்க ஊர்ல பாதி நாள் கரண்ட் இருக்காது அக்கா. எங்களுக்கு இதுதான் இஸ்திரி. சூடு ஆறுறதுக்குள்ள இழுக்கணும், மடிச்சு மேல கனமா ஏதாவது வைக்கணும்" என்றாள் பெரியவள்.

கரும்பலகை எதிரிலேயே தொங்கியது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "சரி, எனக்கும் சொல்லிக் கொடு."

ஆறு ஜோடிகள் நின்றார்கள். பலகைகளின் மேல் சோப்புத் தண்ணீர் கேன்களை ஏற்றிப் பாரம் வைத்தார்கள். முதலாளியே கேன் தூக்கினார். சின்னவள் ஜோடி ஜோடியாகப் போய்க் கற்றுக்கொடுத்தாள். அக்காவுக்கு ஜோடி பெரியவள். முதல் இழுப்பிலேயே அக்கா பறந்துபோய்ப் பெரியவள் மேல் விழுந்தாள். மொத்த லாண்டரியும் சிரித்தது.

"என்ன இளிப்பு? இழுங்கடி!" என்று அக்கா கத்திவிட்டு, தானும் சிரித்துவிட்டாள்.

பன்னிரண்டு மணி அடித்தபோது பாதிகூட ஆகவில்லை. அண்ணியும் நாத்தனாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், அடுத்த விரிப்பை எடுத்தார்கள். ஒரு நாள் போகாவிட்டால் பள்ளிக்கூடத்தில் மறுநாளே வேறு ஆள் வந்துவிடும் என்பது அக்காவுக்குத் தெரியும்.

"நீ கிளம்பு. உன் வேலையை ஏன் கெடுத்துக்கிற?"

"இது முடியட்டும் அக்கா."

அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "உங்களை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி இன்னைக்குக் காலையில லெட்டர் கொடுத்தவ நான்தான்" என்றாள்.

"தெரியும்" என்றாள் பெரியவள், கை நிற்காமல். "நேத்து நீங்க எழுதும்போது பக்கத்து மேசையைத் துடைச்சுட்டு இருந்தேன். கண்ணுல படுறதையெல்லாம் படிங்கன்னு வகுப்புல சொல்லியிருக்காங்க. எழுத்துக்கூட்டிப் படிச்சேன்."

"தெரிஞ்சுமா நிக்கிற?"

"லாண்டரியே மூடிட்டா உங்க லெட்டரை யாரு அக்கா படிப்பாங்க?" என்று பெரியவள் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நான் வந்த அன்னைக்கு ரோலர்ல கை போகாம என்னைப் பிடிச்சு இழுத்தது நீங்க. அன்னைக்குப் பூராவும் திட்டினீங்க. கை இருக்கு, பாருங்க."

அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபத்தாறு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே வேலை, சாயங்காலம் போனால் டீயோடு காத்திருக்கும் புருஷன். தான் எதற்காக இத்தனை நாள் ஐயோ என்று கத்தினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இழு" என்றாள்.

இரண்டே காலுக்கு நானூறாவது விரிப்பை மடித்தார்கள். இரண்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸம்மா தடவிப் பார்க்க ஆரம்பித்தார். கூடவே போயிருந்த முதலாளிக்கு வியர்த்து ஊற்றியது. கடைசியில் நர்ஸம்மா, "புது மெஷின் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். ஒரு விரிப்புகூடத் திரும்பி வரவில்லை!

வேன் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பி வந்தபோது, முடிவு தெரியாமல் கிளம்ப மனசு வராமல் நின்றிருந்த அண்ணியும் நாத்தனாரும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடப் பார்த்தார்கள். அக்கா கையை நீட்டி மறித்தாள். "ஓடுறதாவது! ஏறுங்க வேன்ல." பிறகு திரும்பி ஒரு சத்தம் போட்டாள். "சும்மா நிக்கிறவங்க எல்லாரும் ஏறுங்க!"

பள்ளிக்கூட வாசலில் வேனிலிருந்து பன்னிரண்டு பெண்களும் முதலாளியும் இறங்கியதைப் பார்த்துத் தலைமை ஆசிரியை மிரண்டுபோனார். "இவங்க மேல தப்பில்ல டீச்சர். இவங்க இன்னைக்கு எங்க எல்லார் பிழைப்பையும் காப்பாத்தினாங்க. லேட்டானது எங்களாலதான். துடைப்பம் எங்க இருக்கு?" என்றாள் அக்கா. எட்டு வகுப்பறைகளும் முக்கால் மணி நேரத்தில் பளபளத்தன. தலைமை ஆசிரியை ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஒரு மணிக்கு வந்துடுங்க" என்று பெரியவளிடம் சொன்னார்.

கடைசி அறையில் குப்பை அள்ள எதுவும் கிடைக்கவில்லை. முதலாளி சட்டைப்பையைத் துழாவினார். "காலையில நீங்க கொடுத்த லெட்டர் இருக்கு அக்கா. இன்னும் பிரிக்கவே இல்ல. என்ன விஷயம்?"

அக்கா அதை வெடுக்கென்று பிடுங்கி, பிரித்துத் தரையில் வைத்து, சாக்பீஸ் தூளையும் பென்சில் சீவலையும் அதன் மேல் தள்ளி, அள்ளிக் கூடையில் கொட்டினாள். "ஒரு விஷயமும் இல்ல."

"ஐயோ!" என்றாள் பெரியவள். "அது நான் முதல் முதலா முழுசாப் படிச்ச லெட்டர்."

"வேற எழுதித் தர்றேன், படி."

மறுநாள் காலை லாண்டரிக்குள் நுழைந்ததும் அக்கா கரும்பலகையைத் துடைத்தாள். 'ஒவ்வொரு விரிப்பையும் மூன்று முறை இழுத்த பிறகே ரோலரில் விடவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். எழுதிவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். பேங்க் வேலை முடித்து வந்த பெரியவள் அதன் முன்னால் நின்று எழுத்துக்கூட்டி மெதுவாக, கடைசிவரை படித்தாள்.

"மூணு இல்ல அக்கா. நாலு."

அக்கா மூன்றை அழித்து நான்கு என்று எழுதினாள்.