காளான் அக்காவும் ஒரு தெளிந்த வளையமும்

அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அதில் பத்தொன்பது ஆண்டுகள் அடுத்தவர் கண்ணில் வடியும் சீழோடு கழிந்தவை. கண் மருத்துவமனையின் பின்பக்கம், சலவை அறைக்கு மேலே அவருடைய ஆய்வுக்கூடம். வழக்கமான மருந்துக்கு மசியாத கிருமிகள்மேல், மரக்கட்டையில் முளைக்கும் ஒரு காளானின் சாற்றை ஏவிப் பார்க்கிறார். அதனால் எல்லோருக்கும் அவர் காளான் அக்கா. வீட்டில் காளான் சமைத்தால், எங்கே வாங்கியது என்று விசாரித்த பிறகுதான் கணவர் சாப்பாட்டில் கை வைப்பார்.

மாதக் கடைசிக்குள் பலன் தெரியாவிட்டால் காளானை மூட்டை கட்டிவிட வேண்டும் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். கிருமி பூசிய தட்டில், சாற்றில் தோய்த்த காகித வட்டை வைப்பார்கள். சாறு வேலை செய்தால் வட்டைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிந்த வளையம் தெரியும். அன்று பெரிய வளையமாகவே விழுந்தது. எட்டிப் பார்த்த தலைவர் மாடி முழுக்கச் செய்தி பரப்பிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அக்கா ஒப்பீட்டு வட்டைப் பார்த்தார். காளானே படாமல், சாறு இறக்கப் பயன்படும் சாராயத்தில் மட்டும் தோய்த்த வட்டு அது. அதைச் சுற்றியும் வளையம். அவசரத்தில் வட்டுகளைக் காயவிடாமல் ஈரத்தோடு வைத்திருக்கிறார். கொன்றது சாராயம், பேர் வாங்கியது காளான்.

நேரே போய்ச் சொல்லிவிட்டார். காயவைத்து மறுபடி செய்யுங்கள், கெடு மட்டும் மாறாது என்றார் தலைவர்.

வீட்டுக்கு வந்தால், லாரி ஓட்டும் தம்பி சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தான்.

"ஊருக்கெல்லாம் மருந்து தேடுற, கூடப் பொறந்தவனுக்கு ரெண்டு சொட்டு விட மாட்டியா?"

"அது இன்னும் தட்டையே தாண்டலடா. டாக்டர் குடுத்தத போடு."

அடுத்த நாள் சாராய வாசம் துளியும் இல்லாமல் போகும்வரை வட்டுகளை உலர்த்தினார். மறுநாள் காலையில், ஒப்பீட்டு வட்டின் விளிம்புவரை கிருமி அப்பியிருந்தது. சாற்று வட்டைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம்.

தலைவர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். "ரொம்பச் சின்னதா இருக்கேம்மா."

"சின்னதுதான் சார். ஆனா இது காளானோடது."

அவர் சிரித்துக்கொண்டே அனுமதிக் கையெழுத்துப் போட்டார். கிருமியைக் கொல்லும் சாறு கருவிழியின் செல்களையும் கொல்லுமா என்ற சோதனை திங்கட்கிழமை தொடங்குகிறது.