மருமகன் அனுப்பிய ஷூ

கோட்டக்குப்பம் மொய்தீன் பிச்சை சர்க்கரைக்காகத்தான் நடக்கத் தொடங்கினார். நடை பிறகு மெல்லோட்டமானது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற மனிதருக்கு, அதிகாலை ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு கடலோரச் சாலையில் ஓடும் அந்த நேரம் மட்டும் சொந்தமாக இருந்தது. சார்ஜாவிலிருந்து மருமகன் ஜகபர் சாதிக் அவருக்கு விலையுயர்ந்த ஷூ அனுப்பினார். பஞ்சு மாதிரி இருந்தது. அதில் ஓட ஓட முழங்கால் வலி வந்தது. கடைசியில் பள்ளிவாசலில் ஓரமாக நாற்காலி போட்டுத் தொழும்படி ஆனது. அதுதான் அவரை வாட்டியது.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: "உங்களுக்குத் தட்டைப் பாதம். ஓடும்போது கணுக்கால் உள்பக்கமா சாயுது. உள்பக்கம் கெட்டியா தாங்குற ஷூவா வாங்குங்க."

அவர் வாங்கவில்லை.

"மாப்ள ஆசையா அனுப்புனது. லீவுல வர்றப்ப வேற போட்டுக்கினு திரிஞ்சா என்னா நெனப்பாரு?"

"அப்ப முட்டியையும் அவருகிட்டயே குடுத்தனுப்புங்க" என்றாள் மனைவி ஹாஜிரா பீவி.

லீவில் வந்த ஜகபர் வாசலில் குனிந்தார். ஷூ இரண்டும் உள்பக்கம் நசுங்கி, ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருந்தன.

"இதுலயா மாமா ஓடுறீங்க?"

"நல்லாதான் இருக்குது மாப்ள."

"பொய்யி" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. டாக்டர் சொன்னதையும் நாற்காலிக் கதையையும் ஹாஜிராவே சொல்லிவிட்டாள்.

மறுநாள் திண்டிவனத்தில் ஒரு ஷூ கடை. இரவு போனில் தேடிப் படித்திருந்தபடி, ஜகபர் ஒவ்வொன்றையும் நடுவில் முறுக்கிப் பார்த்தார். ஈரத்துணி போல முறுகியவற்றை ஒதுக்கினார். உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். கடைசியில் ஒரு சாம்பல் நிற ஜோடி நின்றது.

"ஓடிக் காட்டுங்க மாமா."

"பஜார்லயா?"

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மருமகன் நடைபாதையில் குந்தி, மாமனாரின் குதிகாலையே பார்த்தார்.

"என்னா பாய், பஸ்ஸ உட்டுட்டீங்களா?" என்றார் எதிரே வந்தவர்.

"இன்னொரு தபா மாமா. ம், இப்ப நேரா நிக்குது."

திரும்பும் வழியில் மொய்தீன் பிச்சை மெல்லச் சொன்னார்: "நீங்க அனுப்புனது..."

"வெல கூடன்னா நல்லதுன்னு எடுத்தேன் மாமா. எனக்கு மட்டும் அப்ப என்னா தெரியும்? நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

லீவு முடிவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகையில் நாற்காலி காலியாக இருந்தது. வரிசையில் மருமகனோடு தோள் உரச நின்ற மொய்தீன் பிச்சை, நெற்றி தரையில் பட சஜ்தா செய்தார்.

வெளியே வந்ததும் ஜகபர் கேட்டார்: "வலிக்குதா மாமா?"

"கொஞ்சம் இருக்குது மாப்ள. ஆனா அல்ஹம்துலில்லாஹ், குனிஞ்சி எழுந்திரிக்க முடியுது."