மெஹராஜ் பேகத்தின் நாற்பத்தைந்து

உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் சட்டென்று நின்றது.

முன்னறையில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் அரிகிருஷ்ணன் அதைக் கவனிக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வந்திருந்தார்.

"மன்னிச்சிக்கங்க ரசூல் பாய். உங்க வீட்டம்மா அனுப்புன பட்டியல்ல ஒண்ணு தப்பு. நாளைக்குக் கணக்குக் கண்காட்சிப் புத்தகம் அச்சுக்குப் போவுது. அவங்க பேரை அடிச்சிட்டேன்."

பூட்டு ரிப்பேர் பார்க்கும் ரசூல் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தான். எட்டாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்ட அவன் மனைவி மெஹராஜ் பேகம் மூன்று வருடமாகச் செய்த தவம் அது! புர்காவுக்கு வெட்டியது போக மிஞ்சிய கறுப்புத் துணியை விரித்து, தையல் சாக்கட்டியால் எண்களைப் பெருக்குவாள். முடிந்ததும் உதறிவிட்டு அடுத்த கணக்கு. அவலூர்பேட்டையிலிருந்து துணி கொண்டுவரும் பெண்கள், "இன்னாக்கா, துணிக்கு மாவு பூசுறியா?" என்று கேலி செய்வார்கள்.

அவள் தேடியது விசித்திரமான எண்களை. 512 என்றால் ஐந்தும் ஒன்றும் இரண்டும் சேர்ந்து எட்டு. மூன்று எட்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் மறுபடி அதே 512! தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையைப் பெருக்கிப் பெருக்கியே தன்னை அடையும் எண்கள். அப்படி இருபதைக் கண்டுபிடித்திருந்தாள்.

"எது தப்புன்னு கேளுங்க." கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. அது நடுங்கவில்லை.

"நாப்பத்தஞ்சும்மா. ஆறு நாப்பத்தஞ்சைப் பெருக்கிப் பார்த்தேன். இலக்கத்தைக் கூட்டினா நாப்பத்தஞ்சு வரணும், முப்பத்தெட்டுதான் வருது. மச்சான் சிங்கப்பூர்லருந்து கொண்டாந்த கால்குலேட்டர், பொய் சொல்லாது."

"நாப்பத்தஞ்சு ஒன்பதால வகுபடுதா சார்?"

"படுது."

"அப்ப அதை எத்தினி முறை பெருக்கினாலும் வர்ற எண்ணோட இலக்கத்தைக் கூட்டினா, அதுவும் ஒன்பதால வகுபடணும். முப்பத்தெட்டு வகுபடுதா?"

பேராசிரியரின் முகம் வெளுத்தது.

"உங்க மிஷின்ல எத்தினி இலக்கம் தெரியும் சார்?"

"எட்டு..."

"இது பத்து இலக்கம். கடைசி ரெண்டை அது முழுங்கிடுச்சி."

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பேனாவைத் திறந்து, மாணவனைப் போலக் குனிந்து, கையாலேயே பெருக்கினார். ரசூல் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கால்மணி நேரம் கழித்துத் தாளில் வந்து நின்றது: 8303765625. மறைந்திருந்த இரண்டும் ஐந்தும் ஏழு. முப்பத்தெட்டோடு ஏழு, நாற்பத்தைந்து!

அரிகிருஷ்ணன் எழுந்து நின்றார். திரையைப் பார்த்துக் கைகூப்பினார். "இருபது வருஷமா கணக்குச் சொல்லித் தர்றேம்மா. ஒன்பதை வெச்சுச் சரிபார்க்க எனக்குத் தோணலியே!"

அடித்திருந்த பெயரை அவரே மீண்டும் எழுதினார்: மெஹராஜ் பேகம், செஞ்சி. ரசூல் அதை எழுத்துக் கூட்டிப் படித்தான். பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைத்த நாளில்கூட அவன் கண்கள் அப்படி நிறைந்ததில்லை.

"எங்க வீட்டுல எல்லாத்துக்கும் இப்பிடித்தான் சார்," என்றான், மீசையைத் தடவியபடி. "நான் சொல்றது தப்பு, அது சொல்றது ரைட்டு."

திரைக்குப் பின்னால் சிரிப்பு கேட்டது.

வாசலில் செருப்பை மாட்டியபடி பேராசிரியர் கேட்டார். "இன்னும் ஏதாச்சும் இருக்குதாம்மா?"

"நேத்து ஒண்ணு கெடைச்சுது சார். ஆறு அம்பத்திநாலு. பதினோரு இலக்கம். கையாலயே போட்டுப் பாருங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்து, அதையும் தாளில் குறித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அவர் முனை திரும்பும் வரை நிமிர்ந்து நின்றிருந்த ரசூல், பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.