தார் வளையம் போட்ட தேக்குகள்

யுத்த காலத்தில் எந்த வேலையிலும் நிலைக்காமல் அலைந்த நான், பென்னாகரம் காட்டில் ஒரு மாணவரிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். வனவியலில் மேற்படிப்பு படித்துவந்தவர். ஆண்டுதோறும் வளர்ச்சியை அளக்க அவர் தேர்ந்தெடுத்த தேக்கு மரங்களுக்கு நான் தாரால் வளையம் போட்டேன்.

நாங்கள் இருவரும் அரிசி வாங்க ஊருக்குப் போய்த் திரும்பினால், வளையம் போட்ட மரங்கள் மட்டும் விழுந்து கிடந்தன.

“குறி போட்ட மரத்தத்தானுங்க வெட்டுவோம்? தார வேற நல்லா தடியா பூசியிருந்தீங்க!” என்றார் மரம் வெட்டும் கூட்டத்து மேஸ்திரி.

மாணவரின் படிப்பு போயிற்று என்று நான் மூட்டையைக் கட்டினேன். அவரோ ஓர் அடிக்கட்டை அருகே குந்தி, வெட்டுப்பட்ட இடத்தில் தெரிந்த ஆண்டு வளையங்களை விரலால் தொட்டார்.

“எங்க கெளம்பிட்டீங்க? இனி வளர்றத அளக்க முடியாது. வளர்ந்தத அளக்கலாம், வாங்க.”

மூட்டையை இறக்கினேன். இன்றும் ஒரு வேலை கெட்டால் முதலில் மூட்டையைத்தான் தேடுகிறேன். பிறகு அந்த அடிக்கட்டை நினைவுக்கு வரும், உட்கார்ந்துவிடுவேன்.